ஜப்பானில் கையால் அடித்த சின்னக் கத்தி வாங்குவது எப்படி: இரண்டு கத்திகளைக் கோட்டைவிட்டவன் எழுதுவது

ஜப்பானுக்கு வேலைக்கு வந்த எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் அந்த ஆசை வரும். கொல்லர் பட்டறையில் அடித்த, மடக்காத, கைக்கு அடக்கமான ஒரு கத்தி. பார்சல் பிரிக்க, கயிறு அறுக்க, பென்சில் சீவ, பழம் நறுக்க. எனக்கும் வந்தது. முதல் கத்தி என் கைக்கே பொருந்தவில்லை. இரண்டாவதை ஒரு காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாவதுதான் இப்போது மேசை மேல் இருக்கிறது. வாங்குவது சுலபம், அதற்கு முன்னும் பின்னும் இருப்பவைதான் சிக்கல். அவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

1. எந்த வேலைக்கு என்று ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள்

நல்ல கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி “நானி நி சுகாயிமாஸ் கா?”, அதாவது “எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள்?” என்பதுதான். “சும்மா, எல்லாவற்றுக்கும்” என்றால் அவர் முகம் கொஞ்சம் சுருங்கும். இங்கே கத்திகள் வேலைக்கு ஏற்பப் பிரிந்தவை.

மேசை வேலைக்கும் மர வேலைக்கும் கிரிதாஷி. ஒரு பட்டையான எஃகுத் துண்டு, ஒரு நுனியை மட்டும் சாய்வாகத் தீட்டியிருப்பார்கள். தனியாகப் பிடி என்று ஒன்று இருக்காது. மரப்பிடியும் மர உறையும் கொண்ட சின்னக் கத்தி வேண்டுமென்றால் கொகதானா. மீன்பிடிப்பவர்கள் இடுப்பில் செருகும் மாகிரி என்ற வகை வடக்கே கிடைக்கும். பழமும் காய்கறியும்தான் முக்கியம் என்றால் இவை எதுவும் வேண்டாம், 12 முதல் 15 செ.மீ. வரை நீளமுள்ள சமையலறைப் பெட்டி கத்தி ஒன்றை வாங்கி, அடுக்களையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி என்றால் பெட்டி இல்லை, சின்னக் கத்திக்கு இங்கே அதுதான் பெயர்.

2. அளவுகோலை எடுங்கள் (இதைத் தாண்டிப் போகாதீர்கள்)

ஜப்பானில் கத்தியை வீட்டில் வைத்திருப்பது வேறு, வெளியே எடுத்துச் செல்வது வேறு. சாதாரணக் கத்தியை வீட்டில் வைத்திருக்க எந்த அனுமதியும் வேண்டாம், எங்கும் பதிவு செய்யவும் வேண்டாம். ஆனால் அலகு 6 செ.மீ.க்கு மேல் இருந்தால், தகுந்த காரணம் இல்லாமல் வெளியே கொண்டு போவது குற்றம். 2 ஆண்டு வரை சிறை, அல்லது 3 லட்சம் யென் வரை அபராதம்.

“சரி, 6 செ.மீ.க்குக் குறைவாக ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறேன்” என்றுதான் நானும் நினைத்தேன். அதில் இரண்டு பொறிகள்.

முதல் பொறி, அளக்கும் விதம். பிடி உள்ள கத்தியில் நுனியிலிருந்து பிடி தொடங்கும் இடம் வரை நேர்கோட்டில் அளப்பார்கள். தீட்டிய பகுதி எவ்வளவு என்பது கணக்கில் வராது. கிரிதாஷி போல அலகு எது, பிடி எது என்று பிரிக்க முடியாதவற்றுக்கு வேறு விதி. ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மொத்த நீளத்தை அளந்து, அதிலிருந்து 8 செ.மீ. கழிப்பார்கள். மிச்சம்தான் அலகின் நீளம்.

என் கிரிதாஷியின் மொத்த நீளம் 18 செ.மீ. வெட்டும் பகுதி மூன்றரைதான். ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுவிட்டு வந்தவன், அதைப் பையின் பக்கவாட்டு ஜிப் அறையிலிருந்து எடுக்க மறந்துவிட்டேன். செவ்வாய் மாலை ஒரு ரயில் நிலைய வாசலில் இரண்டு காவலர்கள் மிகவும் பணிவாக நிறுத்தி, பையைப் பார்க்கலாமா என்றார்கள். பார்த்தார்கள். நான் மூன்றரை செ.மீ.யைச் சுட்டிக் காட்டி ஏதேதோ சொன்னேன். நிலையத்துக்கு அழைத்துப் போய், மேசை மேல் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதன் மேல் கத்தியை வைத்து, பக்கத்தில் ஓர் அளவுகோலையும் வைத்துப் படம் எடுத்தார்கள். பதினெட்டில் எட்டு போனால் பத்து. இரண்டரை மணி நேரம், மூன்று தாள்களில் கையெழுத்து. அதில் ஒன்று, அந்தக் கத்தி இனி என்னுடையது இல்லை என்று நானே எழுதிக் கொடுப்பது. ஏழு வாரம் காத்திருந்து வாங்கிய கத்தி. எச்சரித்து அனுப்பினார்கள், அந்த மட்டில் தப்பித்தேன்.

இரண்டாவது பொறி, 6 செ.மீ.க்குக் கீழே இருந்தாலும் நிம்மதி கிடையாது. காரணம் இல்லாமல் எந்தக் கத்தியையும் மறைவாக வைத்துக்கொண்டு திரிவதைச் சிறு குற்றங்களுக்கான இன்னொரு சட்டம் பிடிக்கும். தண்டனை சிறியது, 29 நாள் வரை காவல் அல்லது 10,000 யெனுக்குள் ஒரு தொகை. ஆனால் விசா புதுப்பிக்க வேண்டியவர்களுக்கு அந்தச் சிறியதும் பெரிய தலைவலி.

தகுந்த காரணம் என்றால் என்ன? வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது, சாணை பிடிக்கக் கொண்டு போவது, மீன்பிடிக்கவோ முகாமுக்கோ அன்றைக்கு உண்மையாகவே போய் வருவது, தொழில். “பாதுகாப்புக்கு” என்பது காரணமே ஆகாது, அதைச் சொன்னால் நிலைமை இன்னும் மோசமாகும். “எப்போதாவது உதவும்” என்பதும் ஆகாது. காரில் போட்டு வைப்பதும் எடுத்துச் செல்வதில்தான் சேரும். ஆகவே “தினசரிக் கத்தி” என்றால் ஜப்பானில் தினசரி வீட்டில் இருக்கும் கத்தி என்று பொருள் கொள்ளுங்கள்.

இன்னொன்று. இருபுறமும் கூர் உள்ள குத்துவாள் வடிவம், அலகு 5.5 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால், வீட்டில் வைத்திருப்பதே தடை. வெளிநாட்டிலிருந்து அப்படி ஒன்றை வரவழைக்க வேண்டாம்.

3. எந்தக் கை என்று சொல்லுங்கள்

நான் இடக்கைப் பழக்கம் உள்ளவன். முதல் கிரிதாஷியை இணையத்தில், படத்தைப் பார்த்து, 4,800 யெனுக்கு வாங்கினேன். வந்த அன்று பென்சில் சீவினால் கத்தி மரத்துக்குள் புதைந்துகொண்டே போகிறது. பத்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது, அது வலக்கைக்காரருக்கு ஆனது.

கிரிதாஷியும் பெரும்பாலான கொகதானாவும் ஒருபுறம் மட்டும் சரிவாகத் தீட்டியவை. இதைக் கதாபா என்பார்கள். மறுபுறம் தட்டை, அதிலும் நடுவில் லேசாகக் குழிந்திருக்கும். அந்தக் குழிவுதான் உராசுகி. வெட்டும்போது ஒட்டாமல் இருக்கவும், தீட்டும்போது விளிம்பு மட்டும் கல்லில் படவும் அது உதவுகிறது. வலக்கையில் பிடித்தால் சரிவு வலப்பக்கம் இருக்க வேண்டும். இடக்கைக்கு நேர்மாறு.

இடக்கைக்காரர்கள் “ஹிதாரி-கிகி” என்ற சொல்லை மனப்பாடம் செய்யுங்கள். பல இடங்களில் சொல்லித்தான் செய்ய வேண்டும், விலையும் கூடும். எனக்கு 7,500 யென் ஆனது, ஏழு வாரம். அது வேண்டாம் என்றால் இருபுறமும் சமமாகத் தீட்டிய ர்யோபா வகையைக் கேளுங்கள், எந்தக் கைக்கும் ஆகும்.

4. எஃகு: துருவோடு வாழ முடியுமா?

கடையில் பெயர்கள் மழையாகப் பொழியும். புதியவருக்கு மூன்று போதும்.

ஷிரோகாமி, அதாவது வெள்ளைத் தாள் எஃகு. தாள் என்றதும் மெல்லியது என்று எண்ணாதீர்கள், ஷிமானே மாநிலத்து யசுகியில் தயாராகும் எஃகைச் சுற்றிய தாளின் நிறத்தால் வந்த பெயர். கிட்டத்தட்ட இரும்பும் கரியும் மட்டும்தான். கூர் ஏற்றுவது சுலபம், துரு ஏறுவது அதைவிடச் சுலபம். அவோகாமி, நீலத் தாள் எஃகு. அதே எஃகில் குரோமியமும் டங்ஸ்டனும் கொஞ்சம் சேர்த்தது. கூர் அதிக நாள் நிற்கும், தீட்ட அதிக நேரம் பிடிக்கும், விலையும் ஒரு படி மேலே. இதுவும் துருப்பிடிக்கும். மூன்றாவது கின்சான், சுமார் 13 சதவீதத்துக்கு மேல் குரோமியம் கலந்த துருப்பிடிக்காத வகை.

முதல் கத்திக்கு என் பரிந்துரை ஷிரோகாமி 2-ஆம் எண். தீட்டப் பழகுவதற்கு அதைப் போல் பொறுமையான எஃகு கிடையாது. ஆனால் எலுமிச்சை அறுத்துவிட்டுக் கத்தியைப் பலகையிலேயே போட்டுவிட்டுத் தொலைபேசியில் பேசப் போகிற ஆள் நீங்கள் என்றால் கின்சான். நான் அப்படிப்பட்ட ஆள்தான். அரை மணியில் திரும்பி வந்தபோது சாறு பட்ட இடமெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் பூத்திருந்தது.

பெரும்பாலான கத்திகளில் முழுவதும் இந்த எஃகு இருக்காது. மென்மையான இரும்பின் மேல் கடின எஃகை ஒட்டி அடித்திருப்பார்கள், இரண்டும் சேரும் கோடு சரிவில் மங்கலாகத் தெரியும். உடலில் கரிய செதில் அப்படியே விட்டிருந்தால் அது குரோஉச்சி. விலை குறைவு, அந்தக் கறுப்பு இருக்கும் இடத்தில் துருவும் குறைவு. பளபளப்பைத் தேடிப் போகாதீர்கள்.

5. எங்கே, எவ்வளவு, எத்தனை நாள்

டோக்கியோவில் இருப்பவர்களுக்கு உயெனோவுக்கும் அசகுசாவுக்கும் நடுவே உள்ள கப்பாபாஷி தெரு. சமையல் சாமான்களுக்கே ஆன தெரு அது, ஞாயிறு பல கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே போய்விடுங்கள். ஆனால் அங்கே கிடைப்பதில் முக்கால்வாசி சமையலறைக் கத்தி. கிரிதாஷிக்கும் கொகதானாவுக்கும் ஹியோகோ மாநிலத்து மிக்கி, நீகாட்டா மாநிலத்து சஞ்ஜோ, கோச்சி மாநிலத்து தோசா என்று கருவி செய்யும் ஊர்களின் கடைகள் நல்லவை. ஒசாக்கா பக்கம் சாகாய், புகுயி மாநிலத்தில் எச்சிசென். எச்சிசெனில் தகெஃபு கத்திக் கிராமத்தில் பட்டறையை நின்று பார்க்கலாம்.

விலை, நான் ஏறி இறங்கிய கடைகளில் பார்த்த அளவில் இப்படி: கையால் அடித்த கிரிதாஷி 4,000 யெனில் தொடங்கி 15,000 வரை. உறையோடு கொகதானா 8,000 முதல் 20,000. சமையலறைப் பெட்டி 10,000 முதல் 25,000. இதற்கு மேல் போவது பெரும்பாலும் பிடியின் மரத்துக்கும் பெயருக்கும். கையிருப்பில் இருந்தால் அன்றே. சொல்லிச் செய்தால் இரண்டு மாதம் என்று எண்ணிக்கொள்ளுங்கள், பெயர் பெற்ற கொல்லர் என்றால் ஆண்டுக் கணக்கு.

“கையால் செய்தது” என்ற அட்டையை அப்படியே நம்பாதீர்கள். பொய் என்று சொல்லவில்லை, அந்தச் சொல் நிறைய இடம் கொடுக்கும். தகட்டிலிருந்து வெட்டி எடுத்துக் கையால் தீட்டியதும் கைவேலைதான். இரண்டு உலோகமும் ஏற்கெனவே ஒட்டி வரும் பட்டையை வாங்கி அடிப்பதும் கைவேலைதான், அதற்கு ரிகிசாய் என்று பெயர், கெட்டதும் இல்லை. கொல்லரே தீயில் ஒட்டி அடித்தது விலை கூடுதல். “இது ரிகிசாயா?” என்று நேராகக் கேளுங்கள், நல்ல கடையில் நேரான பதில் வரும். சாகாயில் அடிப்பவர் ஒருவர், தீட்டுபவர் ஒருவர், பிடி போடுபவர் ஒருவர். கத்தியில் பொறித்திருப்பது விற்பவரின் பெயராகவும் இருக்கலாம்.

கையில் வாங்கியதும் மூன்றைப் பாருங்கள். முதுகைக் கண்ணுக்கு நேரே பிடித்து வளைவு இருக்கிறதா என்று. தட்டைப் பக்கத்தின் குழிவைச் சுற்றி விளிம்பு ஒரே சீராக ஓடுகிறதா என்று. பிடி சேரும் இடத்தில் இடைவெளி இருக்கிறதா என்று. இடைவெளி இருந்தால் தண்ணீர் உள்ளே போய் வேரோடு துருவாக்கும்.

6. பணம் கட்டும்போது

சிறு பட்டறைகளில் ரொக்கம்தான், வங்கி அட்டையை நம்பிப் போகாதீர்கள். ரசீதைக் கத்தியின் பெயரோடு எழுதி வாங்குங்கள். கத்தி வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், இரண்டும் வீடு போய்ச் சேரும்வரை உங்கள் காரணத்துக்குச் சான்று. பெயர் பொறித்துத் தருகிறேன் என்பார்கள், பல இடங்களில் இலவசம். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சொல்லுங்கள், பொறித்ததைத் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

நுகர்வு வரி 10 சதவீதம். வேலை விசாவில் இருக்கும் நமக்கு வரிச் சலுகை இல்லை. சுற்றுலாவாக வந்த அம்மா அப்பாவுக்கு உண்டு: அவர்களே கடைக்கு வர வேண்டும், அசல் கடவுச்சீட்டு வேண்டும், வரி நீங்கலாக 5,000 யெனாவது வாங்க வேண்டும். அப்படி வாங்கிய கத்தியை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது, அவர்களோடு அது நாட்டை விட்டுப் போயாக வேண்டும். 2026 நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது. கடையில் வரியோடு கட்டிவிட்டு, புறப்படும் நாளில் விமான நிலையச் சுங்கத்தில் காட்டிய பிறகு திரும்பப் பெற வேண்டும். கத்தியோ சரக்குப் பையில் போக வேண்டியது. ஆகவே முதலில் சுங்கம், அப்புறம்தான் பையை ஒப்படைப்பது.

7. வீடு வரை, விமானம் வரை

2019 ஏப்ரல் முதல், சரியாகக் கட்டாத கத்தியை ரயிலில் கொண்டு போகக் கூடாது. கடையில் கட்டித் தந்ததைப் பிரிக்காமல் கொண்டு வாருங்கள். பிரித்த கத்தியைச் சாணைக்கு எடுத்துப் போவதென்றால், உறை போட்டு, தடித்த அட்டையில் சுருட்டி, நாடா ஒட்டி, பையின் அடியில் வையுங்கள். சட்டென்று கையில் எடுக்க முடியாதபடி இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. ஷின்கான்சென்னில் ஆசையாகப் பிரித்துப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

விமானத்தில் கைப்பையில் கூடாது, உள்நாட்டு விமானமானாலும். சரக்குப் பையில் நுனிக்குத் தனி அட்டை வைத்துக் கட்டுங்கள், பையைத் திறந்து பார்க்கும் ஊழியரின் விரலையும் நினைத்துக்கொண்டு.

8. முதல் மாதம்

தீட்டுகல் இல்லாமல் இந்தக் கத்தி வாங்காதீர்கள். 1000 எண் கல் ஒன்று, 3,000 யென் சுற்றி. மெருகுக்கு 4000 முதல் 6000 எண் வரை ஒன்று, அதுவும் 4,000 சுற்றி. ஆக, 5,000 யென் கத்தி உண்மையில் 12,000 யென் கத்தி. இழுத்துத் தீட்டும் உருளைக் கருவிகளை ஒருபுறக் கத்தியில் வைக்கவே கூடாது, தட்டைப் பக்கம் நாசமாகிவிடும்.

ஊறவைக்கும் வகைக் கல்லைத் தண்ணீரில் போடுங்கள், குமிழி நிற்கும்வரை, பத்து நிமிடம் ஆகலாம். கிரிதாஷியின் சரிவு முழுவதும் கல்லில் படும்படி வைத்து அழுத்துங்கள். கோணம் பற்றிக் கவலையே வேண்டாம், சரிவே கோணத்தைச் சொல்லிவிடும். தள்ளி இழுத்துக்கொண்டே இருந்தால் சாம்பல் நிறச் சேறு வரும், அதைக் கழுவாதீர்கள், தீட்டுவதே அதுதான். சில நிமிடம் கழித்துத் தட்டைப் பக்கத்தில் விரல் நுனியை விளிம்புக்கு வெளிப்புறமாகத் தடவினால் ஒரு சொரசொரப்பு தட்டுப்படும். அந்தப் பிசிறு நுனி முதல் அடி வரை வந்துவிட்டதா என்று பாருங்கள். வந்த பிறகு திருப்பி, தட்டைப் பக்கத்தைக் கல்லில் முழுக்கப் படிய வைத்து இரண்டு மூன்று முறை மட்டும் இழுங்கள். இந்தப் பக்கத்தைக் கொஞ்சமும் தூக்கக் கூடாது. நான் முதல் முறை தூக்கிவிட்டேன். அதைச் சரிசெய்யக் கடையில் 1,500 யென் கொடுத்தேன், கூடவே ஒரு நீண்ட பெருமூச்சையும் கேட்டுக்கொண்டேன்.

இவை கடினமான எஃகு, ஆகவே எளிதில் முறியும். எலும்பு, உறைந்த இறைச்சி, கண்ணாடித் தட்டு வேண்டாம். முக்கியமாக, நெம்பாதீர்கள். பெயின்ட் டப்பா மூடியை நெம்பி என் மூன்றாவது கத்தியின் நுனியில் ஒரு மில்லிமீட்டர் போய்விட்டது.

வேலை முடிந்ததும் துடைத்து உலர்த்தி, ஒரு சொட்டு சுபாகி எண்ணெய், அதாவது கமேலியா விதை எண்ணெய். ஜூன் மழைக்காலத்தில் உறைக்குள் அடைத்து வைக்காதீர்கள், தோல் உறை என்றால் நிச்சயமாக வேண்டாம், ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். செய்தித்தாளில் சுற்றி இழுப்பறையில் வைத்தால் போதும். சில வாரங்களில் அலகு நீலமும் சாம்பலுமாக நிறம் மாறும், அது இருக்கட்டும். சிவப்பு மட்டும்தான் எதிரி, கண்டதும் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

9. ஊரை விட்டுப் போகும்போது

கத்தியை வெறுமனே குப்பையில் போடக் கூடாது. பல நகராட்சிகளில் எரியாத குப்பை நாளில்தான் எடுப்பார்கள். உங்கள் வார்டின் குப்பை அட்டவணையை ஒருமுறை பார்த்துவிட்டு, தடித்த தாளில் சுற்றி, நாடா ஒட்டி, மேலே “கிகேன்” என்று கட்டகனா எழுத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். ஆபத்து என்று பொருள். நண்பருக்குக் கொடுப்பதென்றால் அவர் வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுங்கள், ரயில் நிலைய வாசலில் வைத்து வேண்டாம். என் வலக்கைக் கிரிதாஷியை அப்படித்தான், அட்டையும் நாடாவும் சுற்றி, அலுவலக நண்பன் ஒருவன் வீட்டில் கொண்டு போய்க் கொடுத்தேன். அவன் அதை வைத்து மாம்பழப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறான்.